மன்னிக்கும் முன் கணக்கைப் பாருங்கள்

கூடப் பிறந்தவர் உங்கள் பாகத்தைத் தராமல் வைத்திருக்கிறார். நீங்களும் அவரும் ஒரே சபையில், ஒரே பீடத்தின் முன் முழங்கால் போட்டுத் திருவிருந்து எடுக்கிறீர்கள். அப்பம் தொண்டையில் இறங்க மறுக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் குமரி மாவட்டத்து நீதிமன்றங்களில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். இப்போது சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கணக்கு என் கையில் இருக்கிறது. அங்கேயும் இங்கேயும் என்னைத் தேடி வந்ததெல்லாம் ஒரே சண்டைதான். அப்பா போய்ச் சேர்ந்தார், ரப்பர் தோட்டம் அண்ணன் கையில் நின்றுவிட்டது, தங்கை கேட்டால் "கல்யாணத்துக்குப் போட்ட நகை எங்கே?" என்று பதில் வருகிறது. சபையிலோ "மன்னிச்சு விட்ரும்மா, கர்த்தர் பார்த்துக்குவார்" என்கிறார்கள். எடுத்தவரிடம் "திருப்பிக் கொடு" என்று யாரும் போய்ச் சொல்வதில்லை. இழந்தவளிடம் மட்டும் வேதவசனத்தோடு வருகிறார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. வேதத்துக்கும் பிடித்ததாகத் தெரியவில்லை.

முதலில் ஒரு தாளை எடுங்கள்

மத்தேயு 18-இல் பேதுரு, எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்கிறார். இயேசு சொல்லும் உவமை எங்கே தொடங்குகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ராஜா கணக்குப் பார்க்க உட்காருகிறார். பதினாயிரம் தாலந்து என்று தொகை வெளியே வருகிறது. அதன் பிறகுதான் மன்னிப்பு. எவ்வளவு என்று தெரியாத கடனை யாரும் தள்ளுபடி செய்ய முடியாது. அதைப் பார்க்காமல் இருக்கத்தான் முடியும்.

அந்தத் தொகையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து என்பது 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் தீர்க்க 2 லட்சம் வருஷம் ஆகும். அதை ராஜா விட்டுவிடுகிறார். விடுதலையான ஊழியக்காரன் வெளியே போய், நூறு வெள்ளிப்பணம் பாக்கி வைத்த சக ஊழியனின் தொண்டையைப் பிடிக்கிறான். பிரசங்கத்தில் இந்த நூறை "அற்பத் தொகை" என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். நூறு நாள் கூலி எந்தக் கூலிக்காரன் வீட்டில் அற்பம்? ஏறக்குறைய நாலு மாத வருமானம். இயேசு உங்கள் இழப்பைச் சிறியது என்று சொல்லவில்லை. அதன் பக்கத்தில், உங்களுக்கு மன்னிக்கப்பட்டதை வைத்துக் காட்டுகிறார். இரண்டையும் பார்க்க வேண்டுமானால் உங்கள் நூறு என்ன என்பது முதலில் தெரிய வேண்டும்.

தாளில் சர்வே எண், எத்தனை சென்ட், பத்திரம் யார் பேரில், பட்டா யார் பேரில், வருமானத்தை யார் எடுக்கிறார் என்று எழுதுங்கள். வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பார்த்துவிடுங்கள். பிறகு உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் தகப்பனார் இறந்திருந்தால் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு; மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதம் அதில் இல்லை.

எங்கள் பக்கத்தில் இதை நம்ப மாட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. திருவிதாங்கூரின் 1916-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். அதுவும் ஸ்ரீதனமாகக் கொடுத்தாயிற்று என்றால் கணக்கு முடிந்தது. கோட்டயத்துப் பள்ளி ஆசிரியை மேரி ராய் வழக்குப் போட்டு, 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: 1951 ஏப்ரல் 1 முதலே அந்தப் பழைய சட்டம் செல்லாது. தீர்ப்பு வந்து இத்தனை காலமாகியும் ஸ்ரீதனக் கணக்கு ஆண்களின் மனதிலிருந்து போகவில்லை. பெண்கள் மனதிலிருந்தும்தான்.

நகைக் கேள்விக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. அந்த 1925 சட்டத்தின் 49-ஆம் பிரிவைப் பாருங்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததை, பின்னால் பங்கு போடும்போது கழிக்கக் கூடாது. ஆனால் தாளில் நேர்மையாக இருங்கள். அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை அண்ணன் தன் சம்பளத்திலிருந்து கட்டினாரா? கடைசி வருஷங்களில் படுக்கையைச் சுத்தம் செய்தது மைனியா (அண்ணியா)? அதையும் எழுதுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் உங்கள் மனசாட்சி கேட்கும். எதிர்த்தரப்பு நியாயத்தையும் தன் கைப்பட எழுதியவர்களுக்குப் பின்னால் பேசுவது சுலபமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"சொத்து கேட்பது ஆவிக்குரிய பெண்ணுக்கு அழகா?" என்று யாராவது கேட்டால் எண்ணாகமம் 27-ஐத் திறந்து காட்டுங்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து சகோதரிகள் சபை முழுவதும் கூடியிருந்த இடத்தில் மோசேயிடம் பாகம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று கர்த்தரே சொன்னார். அவர்களுக்குச் சகோதரர் இல்லை, அது வேறு என்பார்கள். சரி, அப்படியானால் யோபு 42:15. யோபு தன் மூன்று மகள்களுக்கும் அவர்களுடைய சகோதரர் நடுவில் சுதந்தரம் கொடுத்தார்.

மூன்றையும் கலக்காதீர்கள்

இந்தக் காரியத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பழி, பாகம், உறவு. மூன்றையும் ஒன்றாக முடிந்து வைத்துக்கொண்டுதான் ஆட்கள் வருகிறார்கள். மன்னித்தால் பாகத்தை விட வேண்டும் என்றும், பாகம் கேட்டால் மன்னிக்கவில்லை என்றும், உறவு திரும்பாவிட்டால் இரண்டுமே பொய் என்றும் நினைக்கிறார்கள்.

பழியை இன்றைக்கே கைவிடலாம். அதற்கு அண்ணனுடைய சம்மதம் வேண்டியதில்லை. "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்று ரோமர் 12:19-இல் இருக்கிறது. பழி உங்கள் கோப்பிலிருந்து மேல் கோர்ட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டது. அங்கே என்ன தீர்ப்பு, எப்போது என்று விசாரித்துக்கொண்டிருப்பது நம் வேலை அல்ல. அண்ணன் பையனுக்குக் கல்யாணம் தள்ளிப்போனால் "பார்த்தியா, கர்த்தர் செய்ததை" என்று சொல்லத் தோன்றும். அப்படித் தோன்றும் மட்டும் கோப்பு இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

இதைச் செய்ய நல்ல வார்த்தைகள் வராவிட்டால் சங்கீதப் புத்தகத்தில் கோபமான சங்கீதங்களைச் சத்தம் போட்டு வாசியுங்கள். 109-ஆம் சங்கீதம் பெண்கள் கூட்டத்தில் வாசிக்கத் தயங்குகிற அளவுக்குக் கடுமையானது. அதனால்தான் அது அங்கே இருக்கிறது. அண்ணனிடம் சொல்லக் கூடாததைக் கர்த்தரிடம் சொல்லலாம்.

பாகம் வேறு விஷயம். அது நியாயத்தைச் சேர்ந்தது. மன்னித்தவர் நியாயத்தை நிறுத்த வேண்டியதில்லை என்பதற்கு நான் எப்போதும் சொல்வது போப் இரண்டாம் ஜான் பால். நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரி, ஆனாலும் இதில் எனக்குக் கூச்சமில்லை. 1981 மே 13 அன்று வத்திக்கானில் மெஹ்மெத் அலி ஆக்ஜா அவரைச் சுட்டான். நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்தே, சுட்ட சகோதரனை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 டிசம்பர் 27 அன்று சிறைக்கே போய் அவனோடு தனியாக உட்கார்ந்து பேசினார். பேசி முடித்து அவர் வெளியே வந்தார்; அவன் உள்ளேதான் இருந்தான். இத்தாலி அவனுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தது 2000-இல். மன்னிப்பு நாலாம் நாள் வந்தது, இத்தாலியச் சிறையின் கதவு திறந்தது பத்தொன்பது வருஷம் கழித்து. இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. நம் நாட்டிலும் பார்த்தோம். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறுவர்களும் வண்டிக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொன்றவர்களை மன்னித்ததாகச் சொன்னார். பல வருஷம் பாரிபதா தொழுநோய் இல்லத்து வேலையைத் தொடர்ந்தார். வழக்கும் தன் வழியில் போய், குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது.

கொலைக்கே இப்படி என்றால், இருபது சென்ட் நிலத்துக்கு "மன்னித்தால் கேட்கக் கூடாது" என்று யார் சட்டம் போட்டது?

மூன்றாவது உறவு. அதற்கு இரண்டு பேர் வேண்டும். உங்கள் பக்கத்துக் கதவைத் தாழ் போடாமல் வைக்கலாம், அதற்கு மேல் உங்களால் ஆகாது.

தனியாகப் போவது

மத்தேயு 18:15, "நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்கிறது. இந்த ஒரு வசனத்தைக் கடைப்பிடித்தால் பாதி வழக்கு கோர்ட்டுக்கு வந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். நாம் செய்வது தலைகீழ்: முதலில் சித்தியிடம் சொல்கிறோம், பிறகு குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு வசனத்தைப் போட்டுக் குத்துகிறோம், கடைசியில் வக்கீல் நோட்டீஸ் வந்துதான் அண்ணனுக்கு விஷயமே தெரிகிறது.

கல்யாண வீட்டிலோ சபை விருந்தான அசனத்திலோ இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அப்பாவின் நினைவு ஆராதனை நாளில் எடுக்கவே எடுக்காதீர்கள். மைனி இருக்கும்போது போனால் மைனிக்காகப் பேசுவார், பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளுக்காக. தோட்டத்தில் ரப்பர் பால் எடுப்பு முடிந்து அவர் தனியாக இருக்கும் நேரம் நல்லது.

"நான் உங்களை மன்னிச்சிட்டேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். தப்புச் செய்ததாகவே நினைக்காத மனிதருக்கு அது குற்றப்பத்திரிகை. ஒரு தங்கைக்கு நான் சொல்லிக் கொடுத்தது இப்படி: "அண்ணே, அப்பா சொத்துல எனக்குள்ள பாகத்தைப் பத்திப் பேச வந்தேன். நீங்க ஆஸ்பத்திரிக்குச் செலவழிச்சது எனக்குத் தெரியும், அதைக் கழிச்சே எழுதிட்டு வந்திருக்கேன். இதைப் பாருங்க. உடனே பதில் சொல்லாண்டாம்." தாளைக் கொடுத்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்துவிட வேண்டும். அழுகை வந்தால் வரட்டும், ஆனால் அழுகையால் பேசக் கூடாது. பழைய கதைகளில் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது. அவர் எடுப்பார், நீங்கள் எடுக்காதீர்கள்.

அவர் கேட்கவில்லை என்றால் அடுத்த வசனம், ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போவது. உங்கள் பக்கம் பேசுகிற ஆள் வேண்டாம். அவர் மதிக்கிற ஆள் வேண்டும். தாய்மாமா, பழைய உபதேசியார், அவருடைய கூட்டாளி, யாராவது. அதன் பிறகு சபை. சபையிடம் போகும்போது ஒன்று தெளிவாக இருக்கட்டும். லூக்கா 12-இல் ஒருவன், பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குச் சொல்லும் என்று கேட்டான். இயேசுவே அந்த வேலையை ஏற்கவில்லை. பொருளாசையைப் பற்றி அங்கிருந்தவர்களை எச்சரித்தார். ஆகையால் போதகரிடம் பங்கு போடச் சொல்லாதீர்கள். உட்கார்த்திப் பேச வைக்கச் சொல்லுங்கள். உங்கள் போதகர் இயேசு செய்யாததைச் செய்ய முன்வந்தால், நல்ல மனசுக்காரராக இருந்தாலும் கொஞ்சம் பயப்படுங்கள்.

கோர்ட்டுக்குப் போகலாமா

1 கொரிந்தியர் 6:7-ஐ உங்கள் முன் நீட்டுவார்கள்: "நீங்கள் ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுகிறதில்லை?" நல்ல வசனம். எட்டாம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே பவுல் அநியாயம் செய்கிறவர்களையும் நஷ்டப்படுத்துகிறவர்களையும் பார்த்துத்தான் கோபப்படுகிறார், "சகோதரருக்கும் அப்படிச் செய்கிறீர்கள்" என்று. ஐந்தாம் வசனத்தில், தீர்த்து வைக்க ஒரு விவேகிகூட உங்களுக்குள் இல்லையா என்று கேட்கிறார். விவேகியாக இருக்க மறுத்த சபைக்கு, வழக்குப் போட்டவளைக் கண்டிக்க வாய் இருக்கக் கூடாது. லூக்கா 18-இல் ஜெபத்துக்கு உதாரணமாக இயேசு நிறுத்துவது யாரை? எதிராளியின் காரியத்தில் நியாயம் வேண்டும் என்று நியாயாதிபதியை விடாமல் தொந்தரவு செய்த விதவையை. வாய்தா வாய்தாவாக நடந்த எத்தனையோ விதவைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த உவமையை வாசிக்கும்போது எனக்குக் கோர்ட் வராந்தாதான் ஞாபகம் வரும்.

போவதென்றால் தாமதிக்காதீர்கள். ஒருவர் உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்து, சொத்தைத் தன்னுடையதாகவே அனுபவித்து வந்தால் 12 வருஷக் காலக்கெடு பிரச்சினை எழும். பொறுமை என்று நினைத்துக்கொண்டு காலக்கெடுவைத் தொலைத்தவர்கள் உண்டு. பாகப்பிரிவினை வழக்குப் போட்ட பிறகும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) அனுப்பச் சொல்லலாம். அங்கே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். ஜெயித்தவர், தோற்றவர் என்று ஊரில் பேச்சு வராது என்பது எனக்கு இதில் பிடித்த விஷயம்.

வழக்கு நடக்கும்போது அவர் வீட்டில் சாவு விழுந்தால் போங்கள். பிள்ளைகளைப் பேசவிடுங்கள். மனுவில் உண்மைக்கு மேல் ஒரு வரி சேர்க்க வக்கீல் ஆசைப்பட்டால் அடிக்கச் சொல்லுங்கள். பழியைக் கைவிட்டோமா இல்லையா என்பது அந்த வரியில்தான் தெரியும்.

ஒன்று சொல்ல வேண்டும். பாகம் கேட்டதற்கு அடி விழுகிறது, மிரட்டல் வருகிறது என்றால் மேலே சொன்ன தனியாகப் போகும் பேச்சே வேண்டாம். காவல் நிலையம், அல்லது பெண்கள் உதவி எண் 181. ஜெபத்தை வழியில் செய்துகொள்ளலாம்.

விட்டுக்கொடுக்க நினைத்தால்

சிலர் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, வேண்டாம், அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்பார்கள். அது பெரிய காரியம். ஆனால் யாருடைய பையிலிருந்து என்று பாருங்கள். மத்தேயு 20-இல் சாயங்காலம் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த எஜமான், விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்றவன் முறுமுறுத்தபோது, என்னுடையதை என் இஷ்டப்படி செய்ய எனக்கு அதிகாரம் இல்லையா என்கிறார். மனுஷக் கணக்குக்கு அது அநியாயம் போலத் தெரியும். ஆனால் அவர் தாராளமாகக் கொடுத்தது தம்முடைய பணத்தை. காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசு குறையவில்லை. முதல் உவமையிலும் கடனைத் தள்ளிய ராஜாவே நஷ்டத்தை ஏற்றார். சிலுவையைப் பற்றி நாம் சொல்வதும் அதுதானே? விலையைக் கொடுத்தது மன்னித்தவர்.

அதனால் உங்கள் பாகத்தை நீங்கள் விடலாம். உங்கள் தங்கையின் பாகத்தை உங்களால் விட முடியாது. அம்மா அழுகிறாள் என்பதற்காகவோ போதகர் கேட்டார் என்பதற்காகவோ விடுவது மன்னிப்பு அல்ல, அது வசூல். உங்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வழி இருந்து, நீங்களாக முடிவெடுத்தால் மட்டும் செய்யுங்கள். செய்தால் முழுசாகச் செய்யுங்கள்: விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். பத்திரம் எழுதாமல் "நான் விட்டுட்டேன்" என்று வாயால் சொல்லி வைப்பவர்கள், அடுத்த சண்டையில் அதை வெளியே எடுக்க வைத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எடுத்தவர் நீங்களாக இருந்தால்

உங்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. லேவியராகமம் 6-இல் வரிசை போட்டிருக்கிறது: பிறரிடம் அபகரித்ததை முதலோடு, ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உரியவருக்குக் கொடுக்க வேண்டும்; அதற்குப் பின்தான் குற்றநிவாரண பலி. ஐந்து ரூபாய் எடுத்திருந்தால் ஆறாகத் திரும்பட்டும். வரி வசூலிப்பவரான சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் தருவதாகச் சொன்னார்; இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னது அதற்குப் பிறகு. மத்தேயு 5:23-இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொல்வது, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தவனிடம். எங்கள் சபைகளில் பாவ அறிக்கை ஜெபத்தை எல்லோரையும் விடச் சத்தமாகச் சொல்கிறவரின் தங்கை, கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் சனிக்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்குப் போங்கள்.

போகும்போது "உனக்கு மனசு கஷ்டமா இருந்தா மன்னிச்சிரு" என்று சொல்லாதீர்கள். எதை எடுத்தீர்கள், எத்தனை வருஷம் வருமானம் அனுபவித்தீர்கள் என்று சொல்லி, பத்திரத்தையும் கையில் கொண்டுபோங்கள்.

திரும்ப வரும் கோபம்

எல்லாம் முடிந்த பிறகும், அந்தத் தோட்டத்தைப் பஸ்ஸில் கடக்கும்போது வயிறு எரியும். மன்னிக்கவில்லையோ என்று பயப்பட வேண்டாம். ஏழெழுபதுதரம் என்று இயேசு சொன்னதை, அத்தனை தரம் வந்து தப்புச் செய்கிறவனுக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே தப்பு அத்தனை தரம் ஞாபகம் வருவதற்கும் அது போதும். ஞாபகம் வரும்போதெல்லாம் ரோமர் 12:19-ஐ மறுபடி சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி வேலையைப் பாருங்கள்.

சமரசம் ஆனவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கட்டிப்பிடித்து அழுது, ஜெபம் பண்ணி, பிரியாணி சாப்பிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பத்திர நகலையோ தீர்ப்பாணை நகலையோ வைத்து அந்த மாதமே பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் இரண்டு பேரும் ஒப்புரவானது உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. பட்டாவில் என்ன பேர் இருக்கிறது என்பதுதான் தெரியும்.